மின்னஞ்சலில் இடுகை போவது நின்றுபோனது பற்றி

வணக்கம் நண்பரே. உங்கள் பிளாகர் வலைப்பூவின் இடுகைகள் சில வருடங்களாக வாசகர்களுக்கு மின்னஞ்சலில் போகவில்லை, பின்னூட்டமும் வறண்டுவிட்டது, எழுத்துதான் சலித்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். எழுத்தைச் சந்தேகப்படாதீர்கள். புது இடுகைகளை வாசகர்களுக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவையை கூகுள் 2021-லேயே நிறுத்திவிட்டது, அதை நம்பியிருந்த, வாசகர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேரும் சந்தாப் பெட்டியும் அதோடு போச்சு. அதற்கும் முன்பே, 2013-இல், பல வலைப்பூக்களை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோது, ஓடை (feed, புது இடுகைகளைத் தானாக வெளியே தரும் வசதி) வழியாகப் படித்தவர்களில் பலர் சிதறிவிட்டார்கள். நீங்கள் இன்னும் எழுதுவதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஓடை இப்போதும் வேலை செய்கிறது. பழைய பெட்டியை எடுத்துவிட்டு, ஓடையைப் படித்து மின்னஞ்சல் அனுப்பும் வேறு சேவை ஒன்றை இணையுங்கள்.

ஆனால் பழைய வாசகர்களை எந்தக் கருவியும் கூட்டி வராது. பழைய பின்னூட்டங்களைத் திறந்து, அடிக்கடி வந்தவர்களின் பெயரைச் சொடுக்கிப் பாருங்கள், சிலருக்குச் சொந்த வலைப்பூ இருக்கும், அங்கே போய் கடைசி இடுகையை முழுக்கப் படித்து, அதைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதுங்கள், உங்கள் சுட்டியை ஒட்ட வேண்டாம், பெயரைப் பார்த்தே வருவார்கள். அப்புறம், மட்டுறுத்தல் (நீங்கள் அனுமதித்த பிறகே பின்னூட்டம் வெளியாகும் அமைப்பு) வைத்திருந்தால் பின்னூட்டங்களை அன்றன்றே வெளியிட்டுப் பதில் சொல்லிவிடுங்கள்.