தமிழ் வர்ணனை சென்னை அணிப் பக்கம் சாய்கிறதா?

கும்பகோணத்தில் வாழும் பெங்களூரு ரசிகர் நீங்கள். ஐபிஎல் தமிழ் வர்ணனை ஏன் சென்னைக்கே கொடி பிடிக்கிறது என்று கேட்கிறீர்கள். சாய்வு உண்டு, சதி இல்லை. தமிழில் சரளமாகப் பேசும் முன்னாள் வீரர்களைத்தான் அழைக்க முடியும். பத்ரிநாத், பாலாஜி இருவருமே சென்னைக்காக ஆடியவர்கள். தஞ்சாவூர், திருவாரூர் டீக்கடைகளில் பெரும்பாலும் மஞ்சள் சட்டைதான். விளம்பரதாரரும் அந்தக் கூட்டத்தைத்தான் தேடுவார்.

ஆனால் ரீப்ளேயை மறைத்துவிட்டார்கள் என்று வர்ணனையாளரைத் திட்டுவது வீண். படம் எல்லா மொழிக்கும் ஒன்றே, குரல்தான் வேறு.

சொந்த நாட்டு அணியை விமர்சித்தாலும் அடி விழும்: 2019 உலகக் கோப்பையின்போது இந்திய வீரர் ஜடேஜாவைக் குறைத்துப் பேசிய இந்திய வர்ணனையாளர் மஞ்ச்ரேக்கருக்கு ஜடேஜாவே பகிரங்கமாகப் பதிலடி கொடுத்தார். பொறுக்க முடியாவிட்டால் ஆங்கில வர்ணனைக்கு மாறிப் பாருங்கள். அங்கே கோபப்பட வேறு காரணம் கிடைக்கும்.