பனியில விளையாட்டு இருக்கட்டும், முதல்ல பனியனக் கழட்டுங்க

அம்பாசமுத்திரத்துல இருந்து கனடாவுல இருக்குற வின்னிபெக் போயி ரெண்டு மாசம் ஆச்சு, பிள்ளைக ரெண்டும் ஜன்னல்ல மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நிக்குது, பனி கொட்டுற நாள்ல வெளிய என்ன விளையாட்டு காட்டலாம், ஸ்கேட்டிங் வகுப்பு எங்க, எந்தக் கம்பெனி சறுக்குப் பலகை நல்லதுன்னு கேட்டிருக்கீங்க தம்பி. நானும் வின்னிபெக்தான். லீவுக்கு வந்து கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில உக்காந்து எழுதுதேன்.

வகுப்பு, கம்பெனி எல்லாம் அங்கன யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. விளையாட்டும் பிள்ளைகளுக்குத் தன்னால வரும். ஒண்ணு மட்டும். பனிப் பொம்மை செய்ய பூஜ்யம் டிகிரிய ஒட்டுன நாளாப் பாருங்க. மைனஸ் இருபதுல பனி வறட்டு மாவு மாதிரி உதிரும், கொழுக்கட்டைப் பதம் வராது. அந்தக் குளிர்ல சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்க, கண்ணு முன்னாலயே உறையும்.

நான் சொல்ல வந்தது உடுப்பு. 2004ல நாங்க போனப்போ என் பயலுக்கு ஆறு வயசு. உள்ள பருத்தி பனியன், மேல மூணு சட்டை, அதுக்கு மேல கோட்டு. கைக்கு ஆச்சி பின்னிக் கொடுத்த அஞ்சு விரல் கையுறை. பிள்ளையப் பொட்டலம் கட்டியாச்சுன்னு எனக்குப் பெருமை. அவன் ஓடி ஓடி வேர்த்தான். பனியன் நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிச்சு, கம்பளிக் கையுறையில பனி உருகி ஊறிப்போச்சு. வீட்டுக்கு வந்தா விரல் நுனி மெழுகா வெளுத்துக் கிடக்கு. வலிக்காடான்னேன், இல்லன்னான். அப்பாடான்னு இருந்தேன், கூறுகெட்டவன்! மரத்துப் போனா எங்க வலிக்கும்? தேங்காய் எண்ணெய எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிட்டேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு உக்ரைன்காரப் பாட்டி என் கையத் தட்டிவிட்டுட்டு, பய கையத் தன் அக்குள்ல வச்சு அமுக்கிக்கிட்டா. தேய்க்கவே கூடாதாம், உறைஞ்ச தோல் புண்ணாயிருமாம். உடம்புச் சூடு, இல்ல வெதுவெதுன்னு தண்ணி. அதுக்கும் நிறம் திரும்பலன்னா டாக்டர்கிட்ட ஓடணும். எங்களுக்கு அன்னிக்குத் திரும்பிருச்சு.

அதனால உடம்ப ஒட்டி கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்க, பருத்தி வேண்டாம். நாலு விரலும் ஒண்ணாக் கிடக்குற, தண்ணி இறங்காத மிட்டன் ரெண்டு ஜோடி வேணும். நீள மஃப்ளர் சறுக்கும்போது எதுலயாவது மாட்டி கழுத்த இறுக்கும், தலைவழியா மாட்டுற நெக் வார்மர் போதும். பூட்ஸ் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. எல்லாம் பழைய துணிக் கடையிலயே கிடைக்கும், பிள்ளைக வருஷா வருஷம் வளருதுல்லா. ஆனா நம்மாளுக 'அடுத்தவன் போட்டத உடுத்தவா கனடா வந்தோம்'னு கேப்பாங்க. அவங்க பிள்ளைக ஆறு மாசம் கதவச் சாத்திக்கிட்டு டிவி பாக்கும்.

வெறும் வெப்பநிலையப் பாக்காதீங்க, காத்தையும் சேத்துச் சொல்ற விண்ட் சில் கணக்கப் பாருங்க. அது மைனஸ் 28க்குக் கீழ போனா மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துல உறையலாம். மைனஸ் 40ன்னா அஞ்சு பத்து நிமிஷந்தான்.

ரோட்டோரம் குமிச்சு வச்ச பனியில குகை தோண்ட விடாதீங்க. பனி தள்ளுற வண்டிக்காரனுக்கு உள்ள பிள்ளை இருக்குறது தெரியாது. சறுக்கும்போது தலையில ஹெல்மெட், கால் முன்னால.

அப்புறம் உறைஞ்சு கிடக்குற ஆறு. ஒருத்தர் நடக்கவே 15 சென்டிமீட்டர் பனிக்கட்டி வேணும், கூட்டமா விளையாட 20. ஓடுற தண்ணி மேல எங்க மெலிசுன்னு கண்ணுக்குத் தெரியாது. ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடுற ஃபோர்க்ஸ் பக்கம் பாதை போட்டுத் திறந்து விட்ட பிறகுதான் நான் இறங்குவேன். பாபநாசத்துல குளிக்கப் போனாலும் சுழி எங்கன்னு அந்த ஊர்க்காரனக் கேட்டுத்தான எங்க தாத்தா எங்கள இறக்குவாரு. கரையில துண்டோட நிப்பாரு, உதடு நீலமாகுற வரைக்கும் ஏற மாட்டோம்.

என் பய இப்ப என்னவிட ஒசரம். நேத்து விடியக்காலம் வெறும் பனியனோட முத்தத்துல நின்னான். மார்கழின்னு எங்கம்மா வேகமா வந்து, 'ஏலே, பனி தலையில இறங்கிரும்'னு துண்ட எடுத்து அவன் தலையில கட்டிவிட்டா. மைனஸ் முப்பதுல சறுக்கி வளந்தவன், பேசாம குனிஞ்சு கொடுத்தான்.