இசை எழுதிப் பிழைத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதக் கட்டுரையில் எட் வார்டு என்கிற அமெரிக்கரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள், வாழ்நாளில் பெரும்பகுதி நிரந்தர வேலை இல்லாமல் ஃப்ரீலான்ஸாகவே பாப் இசையின் வரலாற்றை எழுதியவர் என்று. அந்த வரி என்னை விடவில்லை. எனக்கு 29 வயது, ஐடி வேலை. இரவுகளில் பழைய தமிழ்ப் பாட்டுகளைப் பற்றி முகநூலில் எழுதுகிறேன், நல்ல வரவேற்பு. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா? வார்டு எப்படிச் சாப்பிட்டார்? அவருடைய எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்? வீட்டில் கேட்டால் அடிக்க வருகிறார்கள், அதனால் உங்களைக் கேட்கிறேன்.

ம., கோவை

அன்புள்ள ம.,

வீட்டில் இருப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

வார்டு 1948-இல் பிறந்தவர். இருபது வயதைச் சுற்றியே பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்துவிட்டார். 1969-இல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் ‘அபே ரோடு’ பாடல் தொகுப்பு வந்தபோது அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோன் இரண்டு விமர்சனங்களை வெளியிட்டது. ஒன்று பாராட்டு. இன்னொன்று சகட்டுமேனிக்குத் திட்டு, அதை எழுதியவர் வார்டு. பலரும் கொண்டாடியதை ஒருவன் பிடிக்கவில்லை என்று எழுதி, காலம் அவன் பக்கம் சாயாமலும் போய்விட்டது. ஆனால் அந்த முரட்டுத்தனம் கடைசிவரை அவரிடம் இருந்தது. டெக்சாஸின் ஆஸ்டின் நகர நாளிதழில் அவர் பத்தி எழுதிய காலத்தில், உள்ளூர்க்காரர்கள் ‘எட் வார்டைத் தூக்கி எறி’ என்று ஸ்டிக்கர் அடித்துக் காரில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். இங்கே ஒரு இசை விமர்சகனுக்கு அந்த அளவு மரியாதை கிடைக்குமா, சொல்லுங்கள்.

நாளிதழ் வேலை சில ஆண்டுகள்தான். மற்றபடி துண்டு துண்டாகச் சம்பாதித்தார். ஆஸ்டினில் வேறு பெயரில் ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றியும் எழுதினார். 1987 முதல் நீண்ட காலம் ‘ஃப்ரெஷ் ஏர்’ வானொலி நிகழ்ச்சியில் ராக் வரலாற்றுக்காரர். சில நிமிடப் பேச்சுதான், ஆனால் வந்துகொண்டே இருந்தது. தொண்ணூறுகளில் பெர்லினுக்குப் போய்விட்டார். அப்போது அது வாடகை மலிவான ஊர். ஃப்ரீலான்ஸ்காரர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதற்குப் பெரும்பாலும் இலக்கியக் காரணம் இருக்காது, வாடகைதான் காரணம். பிறகு பிரான்ஸின் மோன்பெலியே, அப்புறம் 2013-இல் மறுபடி ஆஸ்டின். வாழ்நாள் உழைப்பான ராக் அண்ட் ரோல் வரலாற்றின் முதல் பாகம் 2016-இல் வந்தது, அறுபத்தேழு வயதுக்கு மேல். 2021 மே மாதம் தன் வீட்டில் இறந்து கிடந்தார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கேட்டீர்கள், முழுதாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ‘உணர்வு’ என்ற சொல் இல்லை. ஆனால் முகநூல் பதிவுகளைப் படித்தேன், அங்கே அது நிறைய. ‘இந்தப் பல்லவியில் உயிர் உருகுகிறது’ என்றால் நானும் தலையாட்டுவேன். ஆனால் அது ரசனை எழுத்து. வரலாறு வேறு வேலை, அதற்குக் கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரு உதாரணம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் சிட் நேதன் என்பவர் நடத்திய இசைத்தட்டுக் கம்பெனி, கிங் ரெக்கார்ட்ஸ். வெள்ளையரின் கன்ட்ரி பாட்டும் கறுப்பரின் ரிதம் அண்ட் புளூஸும் ஒரே கூரையின் கீழ். 1949-இல் வேய்ன் ரேனி என்ற கன்ட்ரி பாடகர் ஒரு பாட்டைப் பாடி ஹிட் ஆக்குகிறார். அதே ஆண்டில் அதே பாட்டை கிங்கின் கறுப்பினப் பாடகர் புல் மூஸ் ஜாக்சன் பாடுகிறார், அதுவும் ஓடுகிறது. ரசனை எழுத்தாளர் இதைப் பார்த்தால் ‘இசைக்கு நிறமில்லை’ என்று கண்கலங்குவார்.

வரலாற்றுக்காரர் வேறு கேள்வி கேட்பார்: பாட்டின் உரிமை யாரிடம்? அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இசைத்தட்டில் பதிந்த ஒவ்வொரு பாட்டுக்கும் பிரதிக்கு 2 சென்ட் உரிமைதாரருக்குப் போக வேண்டும். 1978 வரை அதுதான் கணக்கு. நேதன் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பாடல் பதிப்பு நிறுவனம் ஒன்றையும் சொந்தமாக வைத்திருந்தார். தன் கைவசமிருக்கும் பாட்டைத் தன் பாடகர்களையே மாற்றி மாற்றிப் பாட வைத்தால், வெளியே போக வேண்டிய காசில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளேயே தங்கும். அதே பாட்டு இன்னொரு சந்தையிலும் விற்கும். நடுவில் ஹென்றி குளோவர் என்ற கறுப்பினத் தயாரிப்பாளர் உட்கார்ந்து இரண்டு பக்கத்துப் பாடகர்களையும் பதிவு செய்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரண விஷயமில்லை. அவர் இல்லாமல் அந்தக் கணக்கு மட்டும் பாட்டாகியிருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. வார்டின் புத்தகத்தில் எனக்குப் பிடித்ததும் இதுவே. மேதைகளின் ஊர்வலமாக இல்லாமல் சின்னச் சின்ன கம்பெனிகள், வானொலி நிலையங்கள், தட்டு விற்றவர்கள் என்று போகும். சில இடங்களில் பெயர்ப்பட்டியலாகி மூச்சு முட்டும் என்பதும் உண்மை.

இன்னொரு வகை மனிதரும் உண்டு. இங்கிலாந்தின் மார்க் லூயிசன், பீட்டில்ஸைத் தவிர வேறு சிந்தனை அதிகமில்லாதவர். ஒலிப்பதிவு நாடாக்களையே கேட்டு, எந்த நாளில் எதைப் பதிவு செய்தார்கள் என்று 1988-இல் புத்தகம் போட்டார். 2013-இல் வந்த அவருடைய வரலாற்றின் முதல் பாகம் 1962-இன் முடிவோடு நிற்கிறது, அதாவது குழு பிரபலமாகும் முன்பே! 2019-இல் மேடை ஏறி டிக்கெட் போட்டு ‘அபே ரோடு’ பற்றி ஊர் ஊராகப் பேசினார். எழுதுபவர் பேசியும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது, லூயிசனாகவே இருந்தாலும்.

நம் ஊரில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் படத் தகவல் என்றால் அவர்தான் என்று ஆனவர். ஆனால் அடுப்பு எரிந்தது தகவலால் இல்லை, சினிமா பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) வேலையால். அவர் சேர்த்து வைத்த தகவல் தொகுப்பைப் பின்னாளில் தமிழக அரசு வாங்கியது.

ஆகவே வேலையை விடாதீர்கள், இப்போதைக்கு. சனிக்கிழமைகள் இருக்கின்றன. சென்னைக்கு வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய் பழைய பாட்டுப் புத்தகங்களைக் கேளுங்கள். கதைச் சுருக்கம் பாதியில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியுமே, அவைதான். சும்மா புரட்டாதீர்கள். அச்சகம், விலை, யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டு கைக்குக் கிடைத்தால் லேபிளை மட்டும் படம் எடுக்காமல், லேபிளை ஒட்டிய வழவழப்பான பகுதியில் பதிந்திருக்கும் எண்ணையும் எழுதி வையுங்கள். பதிவுகளை வரிசைப்படுத்த அது உதவும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. வாத்தியக்காரர்களைப் பாருங்கள். பாடகரையும் இசையமைப்பாளரையும் ஆயிரம் பேர் பேட்டி எடுத்தாயிற்று. அந்தப் பாட்டில் இரண்டாவது வயலின் வாசித்தவரிடம், கால்ஷீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கையில் கொடுத்தார்களா, செக்கா, ஒத்திகை எத்தனை மணிக்கு, யார் காபி வாங்கித் தந்தார்கள் என்று கேளுங்கள். ரசிகனாகப் போய் உட்கார்ந்து ‘ராஜா சார் எப்படி?’ என்று ஆரம்பித்தீர்களானால் அவர் முப்பது வருடமாகச் சொல்லும் அதே கதையைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

இப்படி ஒரு இருபது பேரின் குறிப்புகள் சேர்ந்த பிறகு மறுபடி எழுதுங்கள், வேலையை விடுவது பற்றி அப்போது பேசலாம்.

எந்தப் புத்தகம் என்று கேட்டிருந்தீர்கள். வார்டின் ராக் அண்ட் ரோல் வரலாற்றின் முதல் பாகம்தான், 1920 முதல் 1963 வரை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, 1950-களில் புகுந்துகொள்ளுங்கள். 1964 முதல் 1977 வரையிலான இரண்டாம் பாகம் 2019-இல் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.