ஆடிக்காற்று குறைந்தால் பருவமழையும் பலவீனம் என்று பொருளா?

ஊட்டியில் ஆடிக்காற்று முன்போல் வீசாததால் தென்மேற்குப் பருவக்காற்றே பலவீனமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி உடனே முடிவுகட்டக் கூடாது.

உலகின் பல நிலப்பகுதிகளில் தரைக்காற்றின் வேகம் 1980 முதல் ஏறத்தாழ 2010 வரை குறைந்து, பின்னர் மீண்டும் கூடியது. ஆனால், காற்றுமானியைச் சுற்றி மரங்களும் கட்டடங்களும் எழுந்தாலே அது காட்டும் வேகம் குறையும். புல்வெளிச் சரிவுகளில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நடப்பட்டு வளர்ந்துவிட்ட நீலகிரிக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். பருவக்காற்றின் வலிமையை, அரபிக்கடலுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் காற்றோட்டத்தைக் கொண்டு மதிப்பிடுவதே சரி.

1950-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மத்திய இந்தியாவில் மழை குறைந்ததற்கு, இந்தியப் பெருங்கடல் வெப்பமடைந்து நிலத்துக்கும் கடலுக்குமான வெப்ப வேறுபாடு சுருங்கியது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அதே சூடான கடல் கூடுதல் நீராவியையும் தருவதால், சராசரி குறையும் காலத்திலும் பெருமழைகள் வலுக்கலாம்; 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது.