எல்லாப் படமும் செல்போனிலேயே கிடைக்கும்போது, அருங்காட்சியகங்கள் கோடையில் நடத்தும் பழைய படத் திரையிடல்களுக்கு யார் போவார்கள்?

நான் போவேன். ராயபுரத்துக்காரன், சித்திரை வெயிலில் கடைத்தெருவுக்குப் போகவே நூறு சாக்குச் சொல்பவன். இருந்தாலும் போவேன்.

எல்லாப் படமும் கிடைக்கிறது என்று யார் சொன்னது? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது எங்கள் வடசென்னையில், தங்கசாலைப் பக்கம் இருந்த கினிமா சென்ட்ரலில்தான். பிறகு அது முருகன் தியேட்டர் ஆனது. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது. அந்தக் கூத்தைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இன்று ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதற்கும் முன்பு ஆர். நடராஜ முதலியார் மில்லர்ஸ் சாலையில் வைத்து எடுத்த மௌனப் படமான 'கீசக வதம்' கதையும் இதேதான். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வைத்திருந்தால் தானே நைந்துபோகும். ஓடி முடித்த படத்தை அதிலிருக்கும் வெள்ளிக்காக விற்றவர்களும் உண்டு. யாராவது எடுத்து வைத்திருந்தால்தானே செல்போனுக்கு வரும்?

எடுத்து வைத்தவர்களில் அருங்காட்சியகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1935-லேயே திரைப்படங்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கி, ஐரிஸ் பேரி என்ற பெண்மணியிடம் பொறுப்பைக் கொடுத்தது. சினிமாவைப் பொழுதுபோக்கு என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலம் அது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955 மே மாதம் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் அங்கேதான். கல்கத்தாக்காரர்கள் அதைத் தியேட்டரில் பார்க்க ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். நம் நாட்டில் அந்த வேலைக்கு 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி. கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து சேர்க்கவில்லை என்றால் இன்னும் எத்தனையோ பெயர்கள் வெறும் பெயர்களாகவே நின்றிருக்கும்.

ஆனால் நான் போவதற்கு முக்கியக் காரணம் வரிசை. ஒரே இயக்குநரின் படங்களை எடுத்த ஆண்டுப்படி, தேறியதும் தேறாததுமாகப் போடுவார்கள். ராயையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் அப்புவின் கதை மூன்று படங்கள், மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன் என்பார்கள். உண்மையில் இரண்டாவது படமான 'அபராஜிதோ' ஊரில் வசூல் ஆகவில்லை, வெனிஸ் படவிழாவில் 1957-இல் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. மூன்றாவதுக்குப் போகும் முன் அவர் எடுத்தவை இரண்டு: தொட்டதைப் பொன்னாக்கும் கல் கிடைத்த குமாஸ்தாவின் நகைச்சுவைப் படம் ஒன்று, சங்கீதக் கச்சேரி நடத்தியே சொத்தை அழிக்கும் ஜமீன்தாரின் கதை ஒன்று. இவற்றைப் பார்த்துவிட்டு 1959-இல் வந்த 'அபுர் சன்சார்' பார்த்தால், சிரிக்க வைக்கவும் பழகிவிட்ட ஒருவர் எடுத்த படம் அது என்று தெரியும். வீட்டில் யாரும் இந்த வரிசையில் பார்ப்பதில்லை. சுமாரான படம் என்று கேள்விப்பட்டதைத் தேடிப் போட நமக்கு என்ன தலையெழுத்து? அங்கே உட்கார்ந்துவிட்டால் எழுந்து வர முடியாது, அதுதான் நன்மை.

என் சித்தப்பா தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர், புரொஜெக்டரில் கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் உண்டாக்கிய காலத்து ஆள். ஒருமுறை 35 எம்எம் பிரதி ஓட்டிய திரையிடலுக்கு அவரையும் அழைத்துப் போனேன். சுருள் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் ஒன்று மின்னி மறைந்தது. சித்தப்பாவின் கை தானாக முன்னால் நீண்டது. முதல் வட்டத்துக்கு, அடுத்த சுருள் மாட்டிய இன்னொரு புரொஜெக்டரை ஓட விட வேண்டும், ஏழெட்டு விநாடியில் இரண்டாவது வட்டம் வந்ததும் மாற்ற வேண்டும். மாற்றம் சரியாக விழுந்ததும், "பையன் தேவலை" என்றார். படம் எப்படி என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை.

கோடையில் ஏன் என்றால், பள்ளி கல்லூரி விடுமுறை, குளிரூட்டிய அரங்கம், வேறென்ன. வாஷிங்டனில் ஃப்ரீயர் அருங்காட்சியகம் கோடைதோறும் ஹாங்காங் படங்களை இலவசமாகக் காட்டி வந்திருக்கிறது. நமக்கும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரங்கம் ஒன்று நிற்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடியபின் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழைய படம் பார்க்க இடம் சுருங்கிவிட்டது. அந்த அரங்கில் மே மாதம் முழுக்கப் பழைய தமிழ்ப் படங்களை வரிசையாகப் போட்டால், திருவொற்றியூரிலிருந்துகூட ஆள் வருவார்கள்.

எங்கேயாவது இப்படி ஒரு தொடர் நடந்தால் முதல் நாள் போகாதீர்கள். அன்று பரிசு வாங்கிய படம்தான் ஓடும், மேடைப் பேச்சும் நீளும். நடுவில் ஒரு செவ்வாய் புதன் பார்த்து, பெயரே கேள்விப்படாத படத்துக்குப் போங்கள். ஏசி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம்.