வாங்கும் முன்: காயலான் கடைப் போர் விமானங்கள்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப் படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். அன்றிலிருந்து விமானப் பாகங்கள் பற்றியே கடிதங்கள். இத்தனை வீட்டு அலமாரிகளில் இத்தனை முள்ளும் மீட்டரும் இருப்பது எனக்கே புதுச் செய்தி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மிக்-21 விமானத்தின் அசல் தகட்டில் வெட்டியது என்று 1,499 ரூபாய்க்கு ஒரு சாவிக்கொத்து வாங்கினேன். அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தாம்பரம்)

பதில்: எந்த விமானம், அதன் வாலில் எழுதிய டெயில் நம்பர் என்ன, யார் எந்த ஏலத்தில் எடுத்தது? இதற்கெல்லாம் விற்றவரிடம் காகிதம் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது அலுமினியத் துண்டு. எங்கள் வீட்டு இட்லிப் பானையும் அலுமினியம்தான்.

கேள்வி: அரசு மின்-ஏலத்தில் பழைய பயிற்சி விமானத்தின் முன்பகுதியை எடுத்தேன். லாரியில் வந்து இறங்கிய பிறகு பார்த்தால் காக்பிட்டில் ஒரு மீட்டர்கூட இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (கோவை)

பதில்: 'உள்ள இடத்தில், உள்ளபடியே' என்ற நிபந்தனையில்தான் இந்த ஏலங்கள் நடக்கின்றன. சரக்கைப் பார்வையிட நாளும் கொடுத்திருக்கிறார்கள். மச்சினன் கல்யாணத்தால் போக முடியவில்லை என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொது ஏலத்தில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2009-இல் சண்டிகர் மனை ஏல வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மனைக்குத்தான், விமானத்துக்கு இல்லை என்று உங்கள் வக்கீல் வாதாடிப் பார்க்கலாம், ஃபீஸை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு. கல்யாணச் சாப்பாடாவது நன்றாக இருந்ததா?

கேள்வி: ஏலத்தில் எடுத்த எஜக்‌ஷன் சீட்டை ஹாலில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் மஞ்சள்-கறுப்புப் பிடியை இழுத்து இழுத்து விளையாடியதில் பெயின்ட் உரிந்துவிட்டது. எந்த பெயின்ட் அடிக்கலாம்? (லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: பெயின்டா? முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஆளை வெடிமருந்தால் விமானத்துக்கு வெளியே தூக்கி எறிவதற்கென்றே செய்த நாற்காலி அது. அந்த வெடிமருந்து அடைத்த கார்ட்ரிட்ஜ்கள் எல்லாம் எடுக்கப்பட்டன என்று அந்த சீட்டின் எண்ணோடு எழுதிய சான்று இருக்கிறதா? இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். ஹாக், ஹாரியர் ஜெட் விமானங்களின் மேல்கண்ணாடி வாங்க ஆசைப்படுபவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியில் கோலம் போட்டதுபோல் வளைந்து ஓடும் கோடு அலங்காரமல்ல. விமானி வெளியேறும்போது கண்ணாடியை உடைப்பதற்காக ஒட்டிய வெடிமருந்துக் கயிறு அது.

கேள்வி: 1950-களின் சோவியத் ஆல்டிமீட்டர் (விமானத்தில் உயரம் காட்டும் மீட்டர்) ஒன்று வாங்கினேன். இருட்டில் முள் ஒளிரவில்லை. "ஒளியில்லைன்னா ரேடியம் செத்துப்போச்சு சார், பயமே இல்ல" என்கிறார் விற்றவர். திறந்து சுத்தம் செய்யலாமா? (பெங்களூரு)

பதில்: திறக்காதீர்கள். இந்த வசனத்தைப் பேசும் விற்பனையாளர்கள் மேல் எனக்குப் பல வருடக் கோபம், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

அந்தக் கால ஒளிரும் பெயின்டில் ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்திருக்கும். ரேடியத்தின் கதிர் பட்டு மின்னுவது சல்ஃபைடு. அடி வாங்கி வாங்கிச் சில பத்தாண்டுகளில் அது ஓய்ந்துபோகும். ரேடியம் ஓயாது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். ராஜராஜ சோழன் காலத்தில் ஒரு சிமிழில் போட்டு மூடியிருந்தால் இன்றைக்கும் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும். விளக்குதான் அணைந்திருக்கிறது, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆபத்து குறைவு. திறந்தால் பொடியாக உதிரும் பெயின்ட் மூச்சோடு உள்ளே போகும். ஸ்காட்லாந்தில் டால்கெட்டி பே என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே விமானங்களைப் பிரித்து, டயல்களை எரித்துச் சாம்பலைக் கொட்டினார்கள். 1990-இல் கடற்கரையில் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தார்கள். துப்புரவு முடிய 2023 ஆகிவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இப்படி ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, தூசியை வாயால் ஊதியவன். இயற்பியல் வாத்தியாரான நண்பர் கதிர்வீச்சு அளக்கும் கருவி கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோது அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேசையே போயிற்று. அதன் விலையை வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

உங்களுடையதைத் தடித்த பாலிதீன் பையில் கட்டி, யாரும் புழங்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அதுவும் எழுத்தில். ரேடியம் இருப்பது தெரிந்தே சொல்லாமல் விற்றிருக்கிறார்.

கேள்வி: விமானப் படையில் ஹன்டர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானங்களில் டெக்னீசியனாக இருந்தேன். இங்கிலாந்தில் ஒரு ஹன்டரின் மூக்குப் பகுதி விலைக்கு வருவதாக ஏஜென்ட் ஒருவர் படம் அனுப்பினார். 1,85,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். நாற்பது நாள் ஆகிறது, இப்போது அவர் போன் எடுப்பதில்லை. மகன் திட்டுகிறான். (திருச்சி)

பதில்: ஐயா, இன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, அந்த எண்ணோடு வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். நாற்பது நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆள் அடுத்தவரிடம் வாங்கப்போகும் பணமாவது தப்பும்.

ஹன்டர் காலத்து பிரிட்டிஷ் ராணுவ விமானம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட எண் உண்டு. எந்த விமானம் எங்கே இருக்கிறது, எது எந்த வருடம் வெட்டப்பட்டது என்று அதை வைத்தே ஆர்வலர்கள் கணக்கு எழுதுகிறார்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் எண் தெரிகிறது. அது ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம். விற்பனைக்கே வரவில்லை.

1971-இல் ஜெய்சல்மேரிலிருந்து போன ஹன்டர்கள்தான் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்தன. அந்த விமானத்துக்கு வேலை செய்தவருக்கு அதன் மூக்கு மேல் ஆசை வருவதில் என்ன தப்பு? என் மேசையிலும் ஒரு 'ஹன்டர் கன்ட்ரோல் ஸ்டிக்' இருக்கிறது. அது ஜெட் ப்ரோவோஸ்ட் பயிற்சி விமானத்தினுடையது என்று பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மகனிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: குளிர்பான விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் போர் விமானம் கேட்டாராமே, கொடுத்தார்களா? (மதுரை மாணவர்)

பதில்: கொடுக்கவில்லை. 1996-இல் பெப்சி விளம்பரத்தில், பானம் வாங்கிச் சேர்க்கும் புள்ளி 70 லட்சம் இருந்தால் ஒரு ஹாரியர் போர் விமானம் என்று காட்டினார்கள். புள்ளியைப் பத்து சென்ட்டுக்கு வாங்கலாம் என்று விதி இருந்தது. ஜான் லெனார்ட் என்ற மாணவர் கணக்குப் போட்டு 7 லட்சம் டாலருக்குக் காசோலை அனுப்பிவிட்டார். அந்த விமானத்தின் விலையோ 2 கோடி டாலருக்கு மேல். வேடிக்கைக்குச் சொன்னதை யாரும் நிஜமான விற்பனையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று 1999-இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. எனக்கு இன்றும் பையன் பக்கம்தான் மனசு.

கேள்வி: ஓடும் நிலையில் முழு ஹன்டர் ஒன்று விலைக்கு வருகிறது. மனைவியும் சம்மதித்துவிட்டாள். வாங்கிப் பறக்கவிட யோசனை. (லண்டன்)

பதில்: 2015-இல் ஷோரம் விமானக் கண்காட்சியில் ஒரு ஹன்டர் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே விதிகள் இறுகிவிட்டன. பறப்பதை விடுங்கள், நிறுத்த இடம் உண்டா? ஹன்டர் 46 அடி நீளம், இறக்கை 33 அடி 8 அங்குலம். உங்கள் கராஜ் 18 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்கை மட்டும் வாங்குங்கள். எண்ணைச் சரிபார்த்த பிறகு.