பாண்டூன் படகுக்கு பெட்லைனர் கோட்டிங்: எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது

அமெரிக்க, கனடா ஏரிகளில் ஓடும் அலுமினியப் பாண்டூன் படகுகளுக்கு (மிதவைக் குழாய்களின்மேல் தட்டையான தளம் போட்ட படகுகள்), பிக்கப் வண்டியின் தொட்டியில் அடிக்கும் பெட்லைனர் என்ற சொரசொரப்பான டூ-பேக் (பெயின்ட்டும் ஹார்டனர் என்ற இறுக்கியும் கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன் கோட்டிங்கை அடிப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: பக்கத் தகடு, மோட்டார் தாங்கி, அடியில் இருக்கும் மிதவைக் குழாய், எல்லாத்துக்கும் இதையே அடிச்சுடலாமா சார்?

தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள பாகங்களுக்குத் தாராளமாக அடிக்கலாம். குழாய்களுக்கு வரும்போது, படகு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஓட்டி முடித்ததும் டிரெய்லரில் ஏற்றிவிடுவீர்கள் என்றால் அடிக்கலாம். சீசன் முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும் என்றால் வேண்டாம். சொரசொரப்பான பரப்பில் பாசி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டும்போது கீறல் விழும், கீறல் வழியாக நீர் புகுந்து படலத்துக்கு அடியிலேயே அரிப்பு பரவும். நன்னீரில் வெறும் அலுமினியம் தன் ஆக்சைடு படலத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். பாசித் தொல்லை தாங்கவில்லை என்றால் நீர் புகாமல் தடுக்கும் எபாக்சி பேரியர் கோட், அதன் மேல் செம்பு இல்லாத பாசித்தடுப்பு பெயின்ட். செம்பு கலந்த பெயின்ட் அலுமினியத்துக்கு எமன். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். செம்பு உப்பு ஏற்றிய பிளைவுட்டைத் தளமாகப் போடும்போதும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: 20 அடி நீளம், 25 அங்குல விட்டம், இரண்டு குழாய். எத்தனை லிட்டர் வாங்கணும்?

ஒரு குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர், நீளம் 6.1 மீட்டர். ஆக 12.2 சதுர மீட்டர்; இரண்டுக்கும் 24.4. ஈரமாக அரை மி.மீ. கனம் நிற்க சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வேண்டும், அதாவது 12 லிட்டர். காற்றில் போவது, ஸ்ப்ரே கன்னில் தங்குவது எல்லாம் சேர்த்து 14 லிட்டர் வாங்குங்கள். 3:1 கலவை (மூன்று பங்கு பெயின்ட், ஒரு பங்கு ஹார்டனர்) என்றால் அதில் ஹார்டனர் மட்டும் 3.5 லிட்டர். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கலந்துவிடாதீர்கள். கலந்தது ஒரு மணி நேரத்துக்குள் இறுக ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு லிட்டராகக் கலந்து அடியுங்கள்.

கேள்வி: போன வருஷம் அடிச்சது இந்த வெயிலுக்குத் தோல் தோலா உரியுது. எங்கே தப்பு பண்ணினேன்?

உரிந்த தோலைத் திருப்பிப் பாருங்கள், காரணம் அதன் முதுகில் இருக்கும். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அடியில் ஆக்சைடு வளர்ந்திருக்கிறது. பிரைமர் உலோகத்தோடு நின்று மேல் கோட் மட்டும் கழன்றிருந்தால், பிரைமர் முழுக்க இறுகிய பிறகு தேய்க்காமல் அடித்திருக்கிறீர்கள். முதுகு சுத்தமாக, வெறும் உலோகம் தெரிந்தால் எண்ணெய்ப்பிசுக்கு போகவில்லை, அல்லது உலோகம் போதுமான அளவு சொரசொரப்பாகவில்லை. உரியாமல் மேலே வட்ட வட்டமாகக் குழி இருந்தால் அது சிலிகான். சீட் பாலிஷிலிருந்து வருவது.

திரும்பச் செய்யும்போது வரிசை மாறக்கூடாது. முதலில் பிசுக்கு நீக்கியைப் போட்டு ஒரு துணியால் துடைத்து, காயும் முன்னே வேறு துணியால் எடுத்துவிடுங்கள். அதன் பிறகே தேய்ப்பு. பிசுக்கோடு தேய்த்தால் அதை உலோகத்துக்குள் அழுத்திவிடுவீர்கள். 80 நம்பர் உப்புத்தாள் போதும். இரும்பு பிரஷ்ஷும் ஸ்டீல் வுல்லும் கிட்டவே வரக்கூடாது; இரும்புத் துகள் பதிந்து அந்த இடம் துருக்கறையாகி அலுமினியத்தையும் தின்னும். தேய்த்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து. சரியாக வந்ததும் உலர்த்தி, அன்றைக்கே, முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே திரும்ப வளர ஆரம்பித்துவிடும். உலோகத்தின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படிய ஆரம்பிக்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். விடியற்காலையில் அடிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: குழாய்க்குள்ள தண்ணி இறங்குது அண்ணா. கோட்டிங் அடிச்சா அடைஞ்சிடுமா?

அடையாது. கசிவை மறைக்கும், அவ்வளவுதான். முதலில் குழாயில் 2 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று ஏற்றி, வெல்டிங் தையல் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் கம்ப்ரஸரை நேரே மாட்டவே கூடாது. 3-ஐத் தாண்டினால் குழாய் உப்பலாம். நுரை வரும் இடத்தை டிக் வெல்டிங் செய்த பிறகு கோட்டிங். கோட்டிங்குக்குப் பின் வெல்டிங் என்றால் கோட் எரியும், வெல்டும் கெடும், புகையும் நச்சு.

கேள்வி: வீட்டு கராஜில் என்-95 மாஸ்க் போட்டு அடிக்கலாமா?

கூடாது. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் ஆவியை என்-95 தடுக்காது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன்பின் மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி, கையுறை, முழு உடை, நல்ல காற்றோட்டம் வேண்டும். இது கிடைக்காவிட்டால் அடிக்கும் வேலையை மட்டும் கடையில் கொடுங்கள். தேய்ப்பையும், டேப் ஒட்டி மறைக்கும் வேலையையும் நீங்களே செய்தாலே செலவு மிச்சம்.

கேள்வி: பதிவு எண் ஸ்டிக்கர் நிற்கவே மாட்டேங்குது.

சொரசொரப்பில் நிற்காது. எழுத்து 3 அங்குல உயரமாவது இருக்க வேண்டும், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த இடத்தை மட்டும் மறைத்து வழவழப்பாக விட்டுவிடுங்கள். 12 எழுத்துகள் கொண்ட படகு அடையாள எண்ணையும், எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லும் தகட்டையும் மூடவே கூடாது. அடையாள எண் பாண்டூன்களில் பல நேரம் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், வலது குழாய் அருகே இருக்கும். தேடிப் பார்த்து டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: டேப்பை எடுக்கும்போது ஓரம் கிழிஞ்சு வருது.

முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்திருக்கிறீர்கள். கடைசிக் கோட் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, கோட்டிங்கை விட்டு விலக்கி மடக்கி இழுங்கள். காய்ந்துபோயிருந்தால் பிளேடால் ஓரத்தைக் கீறிவிட்டு எடுங்கள்.

கேள்வி: எப்போ தண்ணியில இறக்கலாம்?

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், அதை நம்பாதீர்கள். டிரெய்லர் கட்டைமேல் வைக்க ஏழு நாளாவது விடுங்கள். இரண்டாம் நாளே வைத்தால் கட்டை அழுத்திய இடத்தில் நீளவாட்டில் உரிந்துவிடும். இறக்கும் முன் ஆனோடுகளை (படகுக்குப் பதிலாகத் தாங்கள் அரிந்துபோகும் உலோகத் துண்டுகள்) பாருங்கள். அவற்றின்மேல் கோட்டிங் பட்டிருந்தாலோ, அவை உலோகத்தைத் தொடும் இடத்தில் பெயின்ட் புகுந்திருந்தாலோ வேலை செய்யாது, சுரண்டி எடுங்கள். நன்னீருக்கு மெக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம்.